அணில் வேஷமும் ஆண்டு விழாவும்

பெங்களூரில் கன்னட எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்த தமிழர்களைக் கொஞ்சம் குழப்பும் வார்த்தைகளில் 'மக்கள நாடக' என்பதும் ஒன்று. அரங்க வாசலில் தொங்கும் பேனரைப் பார்த்தால் நமக்கு ஏதோ மக்கள் பிரச்சினையைப் பேசும் தெருமுனை நாடகம் என்று தோன்றும். கன்னடத்தில் 'மக்களு' என்றால் குழந்தைகள். அதாவது குழந்தைகள் நாடகம். யோசித்துப் பார்த்தால் இந்த அர்த்தம் நமக்கும் புதிதில்லை. திருக்குறளில் 'மக்கட்பேறு' என்று ஒரு அதிகாரமே இருக்கிறது. நாம் அதைப் புத்தகத்தில் விட்டுவிட்டோம், இவர்கள் தினசரிப் பேச்சில் வைத்திருக்கிறார்கள்.

இந்த 'மக்கள நாடக' சமாச்சாரத்தைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம் என்று தோன்றியதற்குக் காரணம், வருஷாவருஷம் நம் வீடுகளில் நடக்கும் ஆண்டு விழாக் கூத்து. எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு மரம் வேஷம். வாடகைக் கடையில் அட்வான்ஸ் கொடுத்து பச்சைத் துணி வாங்க வேண்டும். ஒரு மாதம் ஒத்திகை. வசனத்தையெல்லாம் முன்பே ரெக்கார்டு செய்து ஒலிபெருக்கியில் போடுவார்கள், பிள்ளை வாயசைத்தால் போதும். கீழே நாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்போம். மேடையில் பிள்ளை அழுதால் ஆசிரியைக்கு அவமானம், நமக்கும் அவமானம்.

நான்கு வயதுக் குழந்தையை மேடையேற்றுவது யாருக்காக? இந்தக் கேள்விக்குப் பழைய ஆட்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று பார்த்தால், 1918 என்ற ஒரே வருடத்தில் மூன்று ஊர்களில் மூன்று விஷயங்கள் நடந்திருக்கின்றன. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. ஆனால் மூன்றின் நூலும் பிற்பாடு பெங்களூரில் வந்து சேர்கிறது.

மதுரை, 1918

சங்கரதாஸ் சுவாமிகளின் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா'வில் அந்த வருடம் சில சின்னப் பையன்கள் சேர்ந்தார்கள். பெண் வேஷம் கட்டும் நடிகரான கண்ணுசாமிப் பிள்ளையின் மகன்கள். அவர்களில் ஒருவர் 1912-ல் பிறந்த டி.கே.ஷண்முகம். சேரும்போது வயது ஆறு. இன்றைய கணக்கில் ஒன்றாம் வகுப்பு.

பெரிய நடிகர்களை வைத்து நாடகம் நடத்துவது அந்தக் காலத்தில் பெரும் தலைவலி. சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள், ஒத்திகைக்கு வரமாட்டார்கள், மேடையில் நினைத்ததைப் பேசுவார்கள். அதனால்தான் பையன்களை வைத்து நடத்தும் 'பாய்ஸ் கம்பெனி' என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வேர்விட்டது. சுவாமிகள் ஏற்கெனவே 1910-ல் 'சமரச சன்மார்க்க சபா' நடத்தியவர். எஸ்.ஜி.கிட்டப்பா அங்கே தயாரானவர்தான்.

கம்பெனி வாழ்க்கை என்றால் சாப்பாடு, படுக்கை, பாட்டு, பாடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெற்றோர் இத்தனை வருடம் என்று ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பார்கள். கண்டிப்பு உண்டு, அடியும் உண்டு. நாடகம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கி விடியும்வரை ஓடும். மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாட வேண்டும். பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதாகிக் குரல் உடைந்தால் அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். நேற்றுவரை ராஜபார்ட்டாக இருந்தவன் இன்று கூட்டத்தோடு நிற்க வேண்டியதுதான்.

இதை வெறும் கொடுமைக் கதையாகச் சொல்வது நியாயமாக இருக்காது. ஷண்முகம் தன் 'எனது நாடக வாழ்க்கை' நூலில் சுவாமிகளைப் பற்றி எழுதும்போது பக்தியோடுதான் எழுதுகிறார். இந்தச் சிறுவனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி' என்ற முழு நாடகத்தையும் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகில் பிரசித்தம். இப்படியொரு வாத்தியார் இன்று எந்தப் பிள்ளைக்குக் கிடைப்பார்? பசிக்குச் சோறு, எழுத்து, சங்கீதம் மூன்றும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரே இடத்தில் கிடைத்ததும் அங்கேதான். எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஆர்.ராதா, சிவாஜி என்று அடுத்த ஐம்பது வருடத் தமிழ் சினிமாவே பாய்ஸ் கம்பெனிகள் போட்ட முதலீடு.

ஆனால் அடிப்படை விதி ஒன்றுதான். நாடகம் பெரியவர்களுக்கானது. அரிச்சந்திரனும் வள்ளியும் கோவலனும் பெரியவர்களின் கதைகள். பையன் அந்த அளவுக்கு உயர வேண்டும். நாடகம் பையனின் அளவுக்குக் குனியாது. சம்பாதிப்பது பிள்ளை, பார்ப்பது பெரியவர்கள்.

பெங்களூர், 1918

அதே வருடம் வெளிவந்த கன்னட நாடகம் 'டொள்ளு கட்டி'. எழுதியவர் டி.பி.கைலாசம். பெங்களூர்த் தமிழர்களில் பலருக்கே தெரியாத விஷயம், இவர் வீட்டில் தமிழ் பேசிய குடும்பத்துப் பிள்ளை. அப்பா பரமசிவ ஐயர், மைசூர் சமஸ்தானத்து நீதிபதி. கைலாசம் லண்டனில் நிலவியல் படித்துவிட்டு வந்து கன்னட நாடகத்தைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டவர். அவருடைய பாத்திரங்கள் பேசும் பாதி கன்னடம் பாதி ஆங்கிலத்தைக் கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் பேசும் தமிழ் ஞாபகம் வரும்.

'டொள்ளு' என்றால் உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளல், 'கட்டி' என்றால் நம்முடைய கெட்டி. ஒரு வீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் பாடத்தில் புலி, அப்பாவின் செல்லம். இன்னொருவன் மார்க் வாங்காதவன், ஆனால் வீட்டுக்கு ஒரு கஷ்டம் என்றால் முன்னால் நிற்பவன். இதில் யார் டொள்ளு, யார் கட்டி என்பதுதான் நாடகம். மனப்பாடப் படிப்பைக் கிண்டல் செய்தவர் அதோடு நிற்கவில்லை. பின்னால் 'மக்களிஸ்கூல் மனேலல்வே' என்றே ஒரு நாடகத்துக்குப் பெயர் வைத்தார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வீடுதானே என்று அர்த்தம்.

கல்கத்தா, 1918

மூன்றாவது தாகூர். அந்த வருடம் அவர் எழுதிய 'தோதா காஹினி' என்ற சின்னக் கதை, ஆங்கிலத்தில் கிளியின் படிப்பு என்று வந்தது. ராஜாவின் தோட்டத்தில் ஒரு கிளி. பாடும், பறக்கும், படிப்பு மட்டும் இல்லை. ராஜா அதற்குக் கல்வி கொடுக்க உத்தரவிடுகிறார். தங்கக் கூண்டு வருகிறது. பண்டிதர்கள் வருகிறார்கள், ஏடு எழுதுபவர்கள், மேற்பார்வைக்காரர்கள், மேற்பார்வையை மேற்பார்வை செய்பவர்கள். எல்லோரும் நன்றாக வாழ்கிறார்கள். கிளியின் வாயில் மட்டும் ஏடுகளைத் திணிக்கிறார்கள். கடைசியில் கிளி செத்துப் போகிறது. நான்கைந்து பக்கம்தான்.

தாகூர் சும்மா எழுதவில்லை. 1901-ல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கியவர். 1908-ல் தன் மாணவர்கள் நடிப்பதற்கென்றே 'சாரதோத்ஸவ்' என்ற நாடகம் எழுதியவர். சரத்கால விடுமுறையின் சந்தோஷம்தான் அதில் விஷயம்.

ஓடிப் போன பையன்

சிவாஜி கணேசன் சிறுவயதில் கட்டபொம்மன் நாடகம் பார்த்துவிட்டு, 'நான் அநாதை' என்று பொய் சொல்லிக் கம்பெனியில் சேர்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். கிட்டத்தட்ட அதே வயதுக்காரர் ஒருவர் கர்நாடகத்திலும் வீட்டை விட்டு ஓடினார். 1929-ல் தென்கன்னட மாவட்டம் மஞ்சி கிராமத்தில் பிறந்த பாபுகோடி வெங்கடரமண காரந்த், சுருக்கமாக பி.வி.காரந்த்.

அவர் முதலில் மேடையேறியது பள்ளியில், மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது. நாடகம் 'நன்ன கோபால'. பிறகு ஓடிப்போய்ச் சேர்ந்த இடம் குப்பி வீரண்ணாவின் கம்பெனி. நம்முடைய பாய்ஸ் கம்பெனிகளைப் போலவே ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போடும் பெரிய ஸ்தாபனம். நம் தாளவாடிப் பக்கத்து காஜனூரில் பிறந்த ராஜ்குமாரும் அங்கே வளர்ந்தவர்தான். வீரண்ணா, காரந்தின் ஆர்வத்தைப் பார்த்துக் காசிக்குப் படிக்க அனுப்பினார். அங்கே எம்.ஏ., கூடவே ஹிந்துஸ்தானி சங்கீதம். 1962-ல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பட்டம்.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1969 முதல் 1972 வரை டெல்லியில் சர்தார் படேல் வித்யாலயாவில் நாடக ஆசிரியராக வேலை பார்த்தார். பின்னாளில் தேசிய நாடகப் பள்ளிக்கே இயக்குநராகப் போனவர், அதற்கு முன் மூன்று வருடம் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கிறார். கம்பெனியில் சிறுவனாக இருந்தவருக்குச் சிறுவனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தெரியாமலா இருக்கும்?

பெங்களூர் திரும்பியதும் 1972-ல் ரவீந்திர கலாக்ஷேத்ராவின் பின்புறத் திறந்தவெளியில் 'ஈடிபஸ்', 'ஜோகுமாரஸ்வாமி', 'சங்க்ராந்தி' என்று மூன்று நாடகங்களைப் போட்டு நகரத்தை அதிரவைத்தார். 1974-ல் 'பெனக' குழு பிறந்தது. 'பெங்களூரு நகர கலாவிதரு' என்பதன் சுருக்கம். கன்னடத்தில் பெனக என்றால் பிள்ளையார் என்பது கூடுதல் வசதி.

பெரியவர்களுக்கான நாடகத்தின் நடுவிலேயே குழந்தைகளுக்கும் போட்டார். அதில் பேர்பெற்றது 'பஞ்சர சாலை'. கூண்டுப் பள்ளிக்கூடம். தாகூரின் அதே கிளிக் கதைதான். கல்கத்தாவில் பெரியவர்கள் படிப்பதற்காக எழுதிய நையாண்டி, இங்கே பிள்ளைகள் கூடிப் பாடி ஆடும் நாடகமானது. தங்களுக்கு என்ன நடக்கிறது என்று பிள்ளைகளே மேடையிலிருந்து அப்பா அம்மாவுக்குச் சொல்வது மாதிரி. தாகூர் நூற்றாண்டின் நினைவாக எழுந்ததுதான் ரவீந்திர கலாக்ஷேத்ரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

பிரேமாவின் அணில்

காரந்தின் மனைவி பிரேமா காரந்தும் தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர். 1983-ல் வந்த 'ஃபணியம்மா' படத்தை இயக்கி, கன்னடத்தின் முதல் பெண் இயக்குநர் என்று பெயர் வாங்கியவர். அதற்கு முன்பே, 1979-ல், அவர் பெங்களூரில் தொடங்கியது 'பெனக மக்கள கேந்திர', குழந்தைகளுக்கென்றே ஒரு நாடகக் குழு. முதல் நாடகம் 'அளிலு ராமாயண'. அளிலு என்றால் அணில்.

சேது பாலம் கட்ட அணில் மண் சுமந்த கதை நமக்குப் பாட்டி சொன்னது. வால்மீகியில் இது கிடையாது. ஆனால் தொண்டரடிப்பொடி ஆழ்வார் திருமாலையில் இந்த அணிலைச் சொல்கிறார். தன் பக்தி அந்த அணிலின் அளவுக்குக்கூட இல்லையே என்று வருந்துகிறார். தமிழில் ஆயிரம் வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் அணில் அது.

மேடைக்கு இதைவிடச் சரியான வேஷம் சின்னப் பிள்ளைக்கு இல்லை என்று நான் நினைக்கிறேன். ராமன் வேஷம் போட்டால் வசனம் வேண்டும், வில்லைச் சரியாகப் பிடிக்க வேண்டும், கம்பீரமாக நிற்க வேண்டும். அணில் ஓடினால் போதும். மண்ணில் புரளலாம், உடம்பை உதறலாம். எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு அணில் குறைந்தாலும் கூடினாலும் பாலம் நிற்கும். கதையிலேயே சின்னவர் செய்வது சின்ன வேலைதான், ஆனால் அது கணக்கில் சேர்கிறது. குழந்தை உயர்ந்து கதையைத் தொட வேண்டியதில்லை. கதை குழந்தையின் உயரத்துக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு உதாரணம் குவெம்பு எழுதிய 'பொம்மனஹள்ளிய கிந்தரிஜோகி'. பிரௌனிங்கின் குழலூதிக் கதையைத் துங்கா நதிக்கரைக்குக் கொண்டுவந்துவிட்டார். (நம்மில் பலர் குடியிருக்கும் ஓசூர் ரோட்டுப் பொம்மனஹள்ளி வேறு.) குழலூதிக்குப் பதில் தாடி வைத்த ஜோகி, கையில் கின்னரி. முதலில் எலிகள் பின்னால் போகின்றன, சொன்ன பணத்தைக் கொடுக்காததால் பிறகு ஊர்ப் பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். காரந்த் 1989-ல் மைசூரில் ரங்காயணத்தைத் தொடங்கியபின் அங்கே இதையும் மேடையேற்றினார். கர்நாடகத்தில் எத்தனையோ பள்ளிகளில் இது நடந்திருக்கிறது. காரணம் எளிது. எத்தனை பிள்ளைகள் இருந்தாலும் எலியாகலாம். வேஷம் கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளையும் வீட்டுக்குப் போய் அழ வேண்டாம்.

காரந்தின் நாடகங்களில் பாட்டும் கூட்டமும்தான் முதுகெலும்பு. கல், குச்சி, மூங்கில் என்று கையில் கிடைத்ததெல்லாம் அவருக்கு வாத்தியம். நடிகர்களின் உடம்பே மரமாகும், சுவராகும். இதெல்லாம் பெரியவர்களின் நாடகத்தில் ஒரு உத்தி. சின்னப் பிள்ளைகளிடம் இதுதான் இயல்பு. தனியாக நின்று வசனம் சொல்லச் சொன்னால் பயப்படும் பிள்ளை, பத்துப் பேரோடு சேர்ந்து பாடச் சொன்னால் கத்தித் தீர்த்துவிடும்.

வெளியிலும் இதே பேச்சு

குஜராத்தின் பாவ்நகரில் 1920-ல் பாலமந்திர் தொடங்கியவர் கிஜுபாய் பதேகா. அவருடைய 'திவாஸ்வப்ன' தமிழில் 'பகல் கனவு' என்று கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர் வசனத்தை உருப்போட வைக்காமல், கதையைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளையே ஆடிக்காட்டச் சொல்வார். இங்கிலாந்தில் பீட்டர் ஸ்லேட் 1954-ல் வெளியிட்ட 'சைல்டு டிராமா' நூலில், குழந்தையின் விளையாட்டே ஒரு தனிக் கலை, அதைச் சீக்கிரமே பார்வையாளர் முன் மேடையில் நிறுத்தினால் விளையாட்டு போய்ப் பகட்டு வந்துவிடும் என்றார். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம.சண்முகலிங்கம் 1970-களின் இறுதியில் குழந்தைகளுக்காக எழுதிய நாடகத்தின் பெயரே பாரதியிடமிருந்து எடுத்தது: 'கூடி விளையாடு பாப்பா'. புதுச்சேரியில் வேலு சரவணன் கோமாளி வேஷத்தோடு பிள்ளைகள் நடுவில் இறங்கி 'கடல் பூதம்' நடத்தினார். ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்தவர்கள் இல்லை இவர்கள். பிள்ளைகளை உன்னிப்பாகப் பார்த்த எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நம் கணக்கு

இப்போது நம் பிள்ளைகளின் ஆண்டு விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். பாய்ஸ் கம்பெனியில் பெரியவர்களின் நாடகத்துக்குப் பிள்ளை உயர வேண்டியிருந்தது. பதிலுக்குச் சுவாமிகள் மாதிரி ஒரு குருவும், பாட்டும், வாழ்நாள் தொழிலும் கிடைத்தன. பெனக மாதிரி இடங்களில் நாடகம் பிள்ளையிடம் இறங்கி வந்தது, பதிலுக்குச் சந்தோஷமும் தைரியமும் கிடைத்தன. ரெக்கார்டு ஓட, பிள்ளை வாயசைக்கும் நம் விழாவிலோ பாய்ஸ் கம்பெனியின் பற்று இருக்கிறது, வரவு இல்லை. பாட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. வீடியோ மட்டும் வருகிறது.

வெளியூர்த் தமிழர்களுக்கு இதில் ஒரு கூடுதல் நஷ்டம் உண்டு. தமிழ் நிகழ்ச்சி என்றால் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் வசனத்தைப் பிள்ளை உருப்போட்டு ஒப்பிக்கிறது. அர்த்தம் தெரியாது. விழா முடிந்த மறுநாள் வசனம் மறந்துவிடும், 'தமிழ் என்றால் கஷ்டம்' என்பது மட்டும் நிற்கும். கிளியின் வாயில் திணித்த ஏட்டுக்கும் இதற்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

ஒரு வருடம் எங்கள் குடியிருப்பில் பொங்கலுக்கு மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளை வைத்து அணில் கதையைப் போட்டோம். எழுதிய வசனமே கிடையாது. ஒரு மாதம் மாலையில் கதையை மட்டும் தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னோம். 'நானும் வர்றேன்' என்ற ஒரு வாக்கியத்தை ஒவ்வொரு அணிலும் தனக்குத் தோன்றிய மாதிரி சொல்லிக்கொண்டு ஓடிவரும். பழைய சேலை கடல், தலையணை பாறை. பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையும் மலையாளப் பிள்ளையும் அணில்தான். விழா அன்று நான்கு வயதுப் பெண் ஒருத்தி பாலத்தின் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றுவிட்டாள். ராமனாக வந்த இரண்டாம் வகுப்புப் பையன் கொஞ்சம் யோசித்தான், பிறகு அவள் முதுகிலும் மூன்று கோடு போட்டுவிட்டு 'நீ காவலுக்கு இரு' என்று சொல்லிவிட்டு லங்கைக்குப் போனான். அந்த வசனத்தை அவனுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் வீட்டில் அதிகம் தமிழ் பேசாத பையன்.

ஆகவே அடுத்த முறை பள்ளியிலிருந்து வேஷத்துக்கான சுற்றறிக்கை வந்தால், டீச்சரிடம் மரியாதையாக நாலு கேள்வி கேட்கலாம் என்பது என் யோசனை. பிள்ளைக்கு முழுக்கதையும் தெரியுமா, அல்லது தன் இடம் மட்டும்தானா? குரல் பிள்ளையுடையதா, ரெக்கார்டா? ஒத்திகை விளையாட்டு நேரத்தைத் தின்கிறதா? நடுவில் அழுதாலோ உட்கார்ந்தாலோ கதைக்குள் அதற்கு இடம் உண்டா? டீச்சர்களைக் குறை சொல்ல இல்லை. அவர்களில் பலருக்கும் இதே ஆதங்கம் உண்டு, ஆனால் பெற்றோர்கள் பிரம்மாண்டம் கேட்கிறார்கள் என்று நிர்வாகம் சொல்லிவிடுகிறது. பிரம்மாண்டம் வேண்டாம் என்று நாம் ஒருமுறை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கும் சௌகரியம்.

உங்கள் ஊரில், அது துபாயோ சிங்கப்பூரோ நியூ ஜெர்ஸியோ, சின்னப் பிள்ளைகளை வைத்துத் தமிழில் நாடகம் போட்டிருந்தால் என்ன கதை எடுத்தீர்கள், என்ன பாட்டு வைத்தீர்கள் என்று எழுதுங்கள். எலியும் அணிலும் தவிர, முப்பது பிள்ளைகளுக்கும் வேஷம் தரும் தமிழ்க் கதைகள் இன்னும் நிறைய வேண்டும்.